எங்கள் வீட்டுத் தாழ்வளைவு

எங்கள் வீட்டு வளைவு எங்களைக் காப்பாற்றாது என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா? இந்தக் கேள்விக்கு இன்னும் என்னால் விடை சொல்ல முடியவில்லை. கேட்பதற்கு அவரும் இல்லை.

அந்த வளைவின் கீழே இருந்தால் ஈரச் சுண்ணாம்பு மணக்கும். மட்டக்களப்பு வவுணதீவில் வயலை ஒட்டிய எங்கள் வீட்டில், முன் அறைக்கும் சமைக்கும் குசினிக்கும் நடுவே கதவு கிடையாது. செங்கல்லால் கட்டி வெள்ளையடித்த ஒரு வளைவுதான். நடுவில் மட்டும் சற்றே உயர்ந்து, இரு பக்கமும் சுவரோடு படிந்துபோகும். உயரமானவர்கள் குனிந்துதான் குசினிக்குள் போகவேண்டும். உழவு இயந்திரம் ஓட்டிய அப்பா, டவுனில் ஒரு பழைய பங்களாவில் இப்படியொன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, மேசனிடம் சொல்லிக் கட்டுவித்தாராம்.

எனக்கு எட்டு, ஒன்பது வயதாக இருந்த யுத்த காலத்தில் "வளைவு" என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான்: செல்லடி தொடங்கியதும் ஓடிப்போய் இருக்கும் இடம். பதுங்குகுழி வெட்டினால் மாரி மழையில் தண்ணீர் நிறைந்துவிடும். மேலே வெறும் ஓடு. வளைவு விழாது என்று அம்மா நம்பினார்; அதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. "வளைவுக்குள்ள வாங்க மனே!" என்று அவர் கத்தினால், நானும் தம்பியும் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம். அங்கே ஒரு பாயும் ஒரு பிஸ்கட் தகரப் பேணியும் எப்போதும் இருக்கும். கிறீம் பிஸ்கட் செல்லடிக்கு மட்டும்தான். சத்தமில்லாத ஒரு நாளில், "இண்டைக்கு அடிக்கமாட்டாங்களாம்மா?" என்று தம்பி கேட்டான். அம்மா அவனை ஏசவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுப் பரிமளம் மாமியும் அடைக்கு வைத்த கோழியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"தள்ளி இரிகா, என்ட கோழிக்கும் உசிர்தானே," என்பார்.

"கோழிக்கு இடம் குடுத்திட்டு மனிசர் வெளியில இரிக்கிறதா?" என்று அம்மா கேட்பார்.

"அதுக்குத்தானே உன்ட புருசன் இரிக்கார்!"

இருவரும் நடுங்கிக்கொண்டே சிரிப்பார்கள். உண்மையில் அப்பா ஒருநாளும் உள்ளே வந்து இருந்ததில்லை. வளைவின் ஓரமாக நின்றபடி, ஒரு கையை எங்கள் தலைகளுக்கு மேலே நீட்டி, உள்ளங்கையைச் செங்கல்லில் முட்டக் கொடுத்திருப்பார். கை உளையவில்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நீ இரி புள்ள. நான் வளைவுக்கு முட்டுக் குடுக்கிறன்," என்றார்.

பகிடி என்று எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரித்தாரா என்பது மட்டும் எனக்கு நினைவில்லை.

கடைசியில் ஒரு செல் மாமியின் வீட்டுக் கூரையில் விழுந்தது, அவர் எங்களோடு வளைவுக்குள் இருந்தபோது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்த வளைவு கோயில் மாதிரி. இடம்பெயர்ந்து திரும்பி வந்த அன்றும் அவர் முதலில் தொட்டது அதைத்தான். மாமி திரும்பவில்லை, மகனோடு வெளிநாடு போய் அங்கேயே காலமானார். நான் உயர்தர வகுப்பில் படிக்கும்போது அப்பா நெஞ்சு வலியில் போனார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி அந்த வீடு எனக்குச் சீதனமாக வந்தது. கட்டட வரைபடம் கீறும் என் கணவர், போன மாதம் வெடிப்பொன்றைக் கண்டு, வளைவின் சாந்தைச் சுரண்டிப் பார்த்தார். அம்மா அப்போது கோயிலுக்குப் போயிருந்தார்.

"இதத் தாழ்வளைவு எண்டு சொல்லுவம்," என்றார். வளைவு மட்டும் எழும்பும் உயரம் அதன் அகலத்தின் பாதியைவிடக் குறைந்தால் அந்தப் பெயராம். வளைவு எவ்வளவு தாழ்கிறதோ, அவ்வளவுக்குப் பக்கச் சுவர்களை வெளியே தள்ளுமாம். அதனால் சுவர் தடிப்பாக இருக்கவேண்டுமாம். எங்களுடையது ஒற்றைக்கல் சுவர். "பாரத்த இது தாங்கல்ல. மேல ஒரு மரம் போட்டிரிக்கு, அதுதான் தாங்குது. இது அழகுக்கு வெச்சது. நல்லா அதிர்ந்தா முதல்ல விழுறதே இதுதான்."

மரமும் இப்போது உளுத்துவிட்டது. மாரிக்கு முன் உடைத்துவிட்டு கொங்கிறீற் போடவேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரி, எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் அன்றிரவு முழுக்க அப்பாவின் உள்ளங்கைதான் கண்முன் நின்றது. பக்கத்தில் நின்று கட்டுவித்தவருக்கு அந்த மரம் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் எங்களை அங்கே இருக்க விட்டாரென்றால், பிள்ளைகள் வெளியே ஓடிவிடாமல் இருக்க வேறு வழி இல்லை என்று நினைத்தாரோ? நான்தான் தேவையில்லாமல் யோசிக்கிறேனோ?

என் மகளுக்கு ஐந்து வயது. இடி இடித்தால் பொம்மையை இழுத்துக்கொண்டு வளைவுக்குள் ஓடிவிடுவாள். நானேதான் பழக்கினேன். "அதுக்குள்ள இரிந்தா ஒண்டும் செய்யாது மனே, உன்ட தாயக் காப்பாத்தினது அதுதான்," என்று அம்மாவும் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன கிழமை இடி இடித்தபோது ஓடிப்போய் அவளை வெளியே இழுத்தேன். ஏன் என்று அம்மா கேட்டார். பூரான் கிடந்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்னும் சில நாட்களில் மேசன் வந்துவிடுவார். மரம் உளுத்துவிட்டது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி நிறுத்திக்கொள்வதா, அந்த வளைவு அன்றைக்கும் எங்களைத் தாங்கியிருக்காது என்பதையும் சொல்வதா? அவர் அந்த ஒரு நம்பிக்கையில்தான் எங்கள் இருவரையும் வளர்த்தெடுத்தார். சொன்னால் அது அவருக்கு ஆறுதலாகுமா, அநியாயமாகுமா? மகளிடம் இனி எங்கே போய் இருக்கச் சொல்வது? இப்படியொன்றைத் தாய் தகப்பனிடம் சொன்னவர்களோ, சொல்லாமல் விட்டவர்களோ உங்களில் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.