கொடியிறக்கம் பாய் கட்டிய இஹ்ராம்

உம்ராவுக்காக மக்கா புறப்படப்போகும் எனக்காக என் மகன் தருவித்த பார்சல் நேற்று வந்தது. இஹ்ராமுக்கு இரண்டு வெள்ளைத் துணிகள், தைக்காதவை. கூடவே இடுப்புக்கு ஒரு பெல்ட். அதில் பாஸ்போர்ட்டுக்கு ஓர் அறை, செல்போனுக்கு ஓர் அறை, மூக்குக் கண்ணாடிக்கு ஓர் அறை. நான் குடியிருக்கத்தான் இடமில்லை. துணியை முகர்ந்து பார்த்தேன். பிளாஸ்டிக் பை வாசனை. எனக்குத் தெரிந்த இஹ்ராம் துணிக்குக் கிராம்பும் நெய்யும் கலந்த வாசனை உண்டு. அதற்குக் காரணம் மார்க்கமல்ல, என் தாய்மாமா.

மாமா கல்யாணப் பிரியாணி மாஸ்டர். காஞ்சிபுரத்தில் தொடங்கி வாலாஜாபாத் வரைக்கும் அவர் அண்டா ஏறாத நிக்காஹ் இல்லை. தொழிலுக்கேற்ற வயிறு. அவர் உடுத்தியதெல்லாம் மூட்டிய கைலிதான். மூட்டுவது என்றால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துவிடுவது. கிணற்றுக்குள் இறங்குவதுபோல அதற்குள் இறங்கி ஒரு முறுக்கு முறுக்கினால் போதும், மறுநாள் காலைவரை கவலையில்லை.

அந்தக் கோட்டையைவிட்டு அவர் ஒரே ஒருமுறை வெளியே வந்தார். அடுத்த வீட்டு ஏகாம்பரத்தின் தங்கை கல்யாணம். ஏகாம்பரம் பட்டு நெய்கிறவர், திருவிழாவில் சாமி தூக்குகிறவர், கோலி ஆடின காலத்திலிருந்து மாமாவின் சிநேகிதர். இன்று ஒருநாள் வேட்டி கட்டிக்கொள் என்று கெஞ்சி, கரைபோட்ட பருத்தி வேட்டி ஒன்றைக் கொடுத்தார். (ஆண்கள் பட்டு உடுத்துவது எங்களுக்கு ஆகாது. பட்டில் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு பட்டைத் தொடாத வைராக்கியம். விலையைக் கேட்டால் வைராக்கியம் இன்னும் கெட்டிப்படும் என்பது வேறு விஷயம்.)

சீர்வரிசை ஊர்வலம். முன்னால் நாதஸ்வரம், பின்னால் மாமா, அவர் கைகளில் தேங்காய்த் தட்டு. தெருத் திருப்பத்தில் வேட்டி கழன்றது. தட்டை விட்டால் வேட்டியைப் பிடிக்கலாம். மாமா ஒரு கணம் யோசித்தார். தேங்காயைக் காப்பாற்றினார். உள்ளே கோடுபோட்ட அரைக்கால் சட்டை இருந்ததால் ஊர் பிழைத்தது.

கோயில் ஊரில் பட்டப்பெயருக்கா பஞ்சம்? திருவிழா முடிவில் கொடிமரத்திலிருந்து கொடியை இறக்குவார்களே, அதையே சூட்டிவிட்டார்கள். பிரியாணிக்கு முன்பணம் தர வருகிறவர்கூட, “கொடியெறக்கம் பாய் வூடு எதுபா?” என்றுதான் வழி கேட்டார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அதற்குப்பின் அவர் வேட்டியைத் தொடவில்லை.

பல வருஷம் கழித்து ஹஜ் குலுக்கலில் அவர் பெயர் வந்தது. வீடே கொண்டாடியது. மாமா மட்டும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இஹ்ராம் என்பது உடை மட்டுமல்ல, ஒரு நிலை. மனதில் உறுதிகொண்டு, நிய்யத் வைத்து அதற்குள் நுழைந்துவிட்டால் நகம் வெட்டக்கூடாது, அத்தர் பூசக்கூடாது, வேட்டையாடக்கூடாது, யாரோடும் சண்டை கூடாது.

“அதெல்லாம் இருந்துருவேன்டா. தெச்ச துணி கூடாதுன்றாங்களே. உள்ளயும் ஒண்ணும் கூடாதாம்” என்றார் என்னிடம்.

கோடுபோட்ட அரைக்கால் சட்டை இந்த முறை துணைக்கு வராது. உலகமே கூடுகிற இடத்தில், அல்லாஹ்வின் வீட்டுக்கு முன்னால் கொடி இறங்கிவிட்டால்?

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். பெல்ட் போடலாம் என்றார். தொப்புள் மறைய வேண்டும் என்பது விதி. மாமாவின் தொப்புளோ மலைச்சரிவில் இருந்தது. பெல்ட் அங்கே நிற்காமல் சறுக்குமரம் ஆடியது. நான் அப்போது புதிதாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த, புத்தகம் படித்த மருமகன். உராய்வு, புவியீர்ப்பு என்று நீண்ட உரை நிகழ்த்தினேன். மாமா பொறுமையாகக் கேட்டார். சண்டை கூடாது என்பதை ஊரிலேயே பழக ஆரம்பித்துவிட்டார் போலும்.

விஷயம் ஏகாம்பரத்தின் காதுக்குப் போனது. தறியைவிட்டு எழுந்து வந்தார். “என் தங்கச்சி கல்யாணத்துல வந்த பேருபா அது. நானே எடுத்துடறேன்” என்று மாமாவை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். துணியும் கையுமாக நானும் போனேன்.

“சாமிய தோள்ல வெச்சிக்கினு ஓடசொல்ல எங்க வேட்டி அவுந்து பாத்துகீறியா பாய்?”

“இல்லப்பா.”

“நீ அன்னிக்கு போட்டோவுக்கு நிக்கிறாப்பல காலச் சேத்து வெச்சிக்கினு கட்டன. அகட்டி நில்லு.”

அவ்வளவுதான் சூட்சுமம். காலைச் சேர்த்துக் கட்டினால் முதல் எட்டிலேயே துணி இழுபடும். அகட்டி நிற்கவைத்து, துணியை இழுத்துச் சுற்றி, மாமாவை மூச்சடக்கச் சொல்லி, மேல் விளிம்பை இறுக்கிச் சுருட்டினார். மூச்சை விட்டதும் வயிறு முன்னால் வந்து சுருட்டை நெருக்கிப் பிடித்தது. அதுவரை எதிரணியில் இருந்த வயிறு கட்சி மாறிவிட்டது.

தினமும் மத்தியானம் ஒத்திகை. குனிந்தார், உட்கார்ந்தார், ஓடினார். கீழே கல்யாணத்துக்கு மசாலா வறுபட, மாடியில் துணி அந்த வாசனையைக் குடித்துக்கொண்டிருந்தது. மாமி அலசி அலசி ஓய்ந்து, இது அத்தர் கணக்கில் சேருமா என்று ஹஜ்ரத்துக்கு ஆளனுப்பினாள். சேராது, பசிதான் சேரும் என்று பதில் வந்தது.

கடைசி நாள் ஏகாம்பரம் ஒரு தட்டில் தேங்காய் வைத்துக் கொண்டுவந்தார். மாமாவின் கையில் கொடுத்தார். மாமா தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். பிறகு மாடி அதிர ஓடினார். துணி நின்றது.

எங்கள் தெருவில் மரக்கடையில் மட்டும்தான் போன். மக்கா போய், ஹஜ்ஜுக்கு முன்னால் செய்கிற உம்ராவை முடித்து, தலை மழித்து, இஹ்ராமிலிருந்து வெளிவந்த அன்று மாமா அங்கே கூப்பிட்டார். மாமி அழுது முடிக்கும்வரை காத்திருந்து ஏகாம்பரம் ரிசீவரை வாங்கினார். நலம் விசாரிக்கவில்லை.

“பாய், நின்னுச்சா?”

கடை முழுக்கக் கேட்டது மாமாவின் குரல். “நின்னுச்சாவா? சுத்தி வரசொல்ல ஜனம் இழுக்குது, தள்ளுது, ஒரு நூலு அசையல. எங்கூட வந்த பெங்களூர் இஞ்சினீயருக்கு பெல்ட்டு புட்டுகிச்சு. நான்தான் கட்டிவுட்டேன். இப்ப எங்க ரூம்ல அல்லாரும் என்கிட்ட வந்து காலை அகட்டி நிக்கிறாங்கபா.”

ஏகாம்பரம் ரிசீவரை வைத்தார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, சாமி தூக்கும்போது நடக்கிற நடையில் தெருவுக்குள் இறங்கினார். டீக்கடையில் யாரோ, கொடியிறக்கம் போன் போட்டாராமே என்று வாயெடுத்தார்.

“இனிமே அப்டி கூப்டாத. மக்காவுலயே எறங்காத கொடிபா அது” என்றார் ஏகாம்பரம்.

மாமா திரும்பி வந்தபோது ஊர் அவரை ஹாஜியார் என்றது. அடுத்த வருஷத்திலிருந்து புறப்படுகிறவர்களெல்லாம் மொட்டைமாடிக்கு வந்து கட்டிப் பழகிவிட்டுப் போனார்கள்.

இன்று மாடிக்கு மேல் இன்னொரு மாடி எழும்பிவிட்டது. மரக்கடை இல்லை, மாமா இல்லை, ஏகாம்பரமும் இல்லை. கொடியிறக்கம் பாயைத் தெரியுமா என்று மாமாவின் பேரனைக் கேட்டேன். “யாரு மாமா அது?” என்றான். ஊரில் காணாமல்போனவற்றில் நான் வருந்தாதது அந்தப் பெயர் ஒன்றுதான்.

பார்சல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடிமுன் குனிந்தேன். கிளிப் தெறித்துக் கட்டிலுக்கடியில் போயிற்று. அதைத் தேடவில்லை. காலை அகட்டி நின்றேன், மூச்சை அடக்கினேன், சுருட்டினேன். வயிறு வந்து பிடித்துக்கொண்டது. குடும்பச் சொத்து, வீண்போகவில்லை. பிறகு மனைவியைக் கூப்பிட்டு, ஒரு தட்டில் தேங்காய் வைத்து எடுத்துவரச் சொன்னேன். பயந்துகொண்டேதான் கொடுத்தாள்.

கூடத்தில் ஓடினேன். இரண்டும் விழவில்லை.