மார்க்கண்டு சொன்ன ஏழு பாகம்

ஊர்காவற்றுறையில் றேடியோ திருத்துகிற மார்க்கண்டு கெட்டிக்காரர்தான். ஆனால் சரியான அவசரக்காரர். பொருளை மேசையில் வைத்தவுடனேயே திருப்புளி கைக்கு வந்துவிடும். கொண்டுவந்தவர் குறையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுக்கமாட்டார்.

எண்பத்தாறாம் ஆண்டு மாசியில் மார்கிரட் அவரிடம் வந்தாள். புருசன் வின்சன்ற் கடலுக்குப் போய் மூன்று கிழமை. வள்ளம் மட்டும் ஆளில்லாமல் மண்கும்பான் கரையில் ஒதுங்கியிருந்தது. அதிலிருந்த ஆழம் பார்க்கும் மெசினைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணை, கடைசியாப் பாத்த ஆழம் இதுக்குள்ளை நிக்குமாம். அதைச் சொன்னியளெண்டால் காணும், எவ்விடமெண்டு என்ரை தம்பி கண்டுபிடிப்பான். பங்குச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தண்ணியிலையாவது செபம் சொல்லிப் பூப் போடவேணும்."

அவள் போனதும் மார்க்கண்டு பற்றரியைப் பூட்டினார். கண்ணாடியில் வெறும் கோடுகள். உப்புத்தண்ணீர் போய் மெசினின் அளவெல்லாம் குழம்பிக் கிடந்தது. இதற்கொரு வழி உண்டு. தொழிற்சாலையில் எழுதிவைத்த அளவுகள் உள்ளே ஒரு சிப்பில் அழியாமல் இருக்கும். இரண்டு பொத்தான்களை அமர்த்திக்கொண்டு போட்டால், மெசின் எழும்பும்போதே அவற்றை எடுத்துக்கொண்டு பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். ஆனால் அதன்பிறகு அதில் பதிந்த ஆழமெல்லாம் அழிந்துபோகும். ஆகவே முதலில் உள்ளே மீற்றர் வைத்துப் பழைய இலக்கத்தை வாசித்துக் குறித்துவைக்க வேண்டும்.

குறிக்குமுன்னே கை முந்திப் பொத்தான்களை அமர்த்திவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? மெசின் புத்தம் புதிதாய் விழித்துப் பூச்சியம் காட்டியது. வின்சன்ற் விட்டுப்போன கடைசி இலக்கம் இல்லை. 'பாவி, என்ன வேலை செய்துபோட்டாய்!' என்று மார்க்கண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் மார்கிரட் வாசலில் நின்றபோது உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் ஏலவில்லை.

"ஏழு பாகம், பிள்ளை."

பாகம் ஆறடி; நாற்பத்திரண்டு அடி ஆழம். ஏன் ஏழு? அவருக்கே தெரியாது. நாரந்தனையில் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவருக்குக் கடலின் ஆழம் எங்கே தெரியப்போகிறது! எங்கேயோ ஓரிடத்தில் செபம் சொன்னால் அவள் மனம் ஆறும், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் தம்பி சின்னக்குட்டி வந்தான். நெடுந்தீவில் கடற்றொழில் செய்கிறவன்.

"அண்ணை, அத்தான் போற பக்கம் எல்லாம் மூண்டு நாலு பாகந்தான். ஏழு பாகம் ஒரேயொரு கிடங்கு, ஆழப் பள்ளம். அங்கை ஒருத்தரும் வலை போடுறேல்லை. சுவாமி செபம் சொல்லி முடிய நங்கூரத்தை இழுத்தம். அத்தான்ரை வலை அதிலை கொழுவி வந்தது. வலைக்குள்ளை அத்தான்."

மார்க்கண்டு கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மார்கிரட் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் இல்லாட்டி அவரைக் கடலுக்கை விட்டிருப்பன், அண்ணை. அவ்வளவு உப்புத்தண்ணிக்கும் தப்பி அந்த இலக்கம் எப்பிடி நிண்டது?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லும் அந்தக் கைகளுக்குள் தன் கைகள் இருக்க, அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நிக்கேல்லை, பிள்ளை. நான் அவசரத்திலை அழிச்சுப்போட்டன். ஏழெண்டது வாயிலை வந்தது."

மார்கிரட் கோபிக்கவில்லை. மெல்லக் கைகளை எடுத்தாள். ஓரடி பின்னால் வைத்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு ஆர் சொன்னது?"