கரண்ட் கிட்டாரோடு மேடையில் நின்றவன்

கரண்ட் கிட்டார்க்காரனின் பிழைப்பில் பாதி வாசிப்பது, மீதி அது என்ன வாத்தியம் என்று விளக்குவது. இலங்கை மலையகத்து ஹட்டனில் ஓர் இசைக்குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாணம், திருவிழா, மே தினம் எதையும் விடுவதில்லை. மேடையில் நின்று பேச்சு வாங்கிய என்னைப் போன்ற வாத்தியக்காரர்களுக்கு இதெல்லாம் பழகியதாகத்தான் இருக்கும்.

கரண்ட் போன கல்யாணம்

பொகவந்தலாவையில் ஒரு கல்யாணம். வெளியே மழையும் காற்றும். நான் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்ததும் கரண்ட் போனது. சனம் என்னையே பார்த்தது. நான் கம்பியை மீட்டினேன். கொசு பறக்கிற சத்தம்தான் வந்தது.

பெண்ணின் தாய்மாமா மேடைக்கு வந்து காரணம் கேட்டார். இது உள்ளே வெற்றிடம் இல்லாத முழுக்கட்டை, கம்பிக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிச் செப்புக்கம்பிச் சுருளும் இருக்கிறது, இரும்புக் கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும், அதை அம்ப்ளிஃபயர் பெருக்கினால்தான் சத்தம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அதற்குள் தாலிகட்டுக்கு வாசித்த தவில்காரர் சாப்பாட்டிலிருந்து எழுந்து, கை கழுவிக்கொண்டு வந்து வெளுத்துக்கட்டத் தொடங்கிவிட்டார். சனமெல்லாம் எழுந்து ஆடியது. மாமா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவருக்குச் சோறு போட்டா போதும். உங்களுக்குச் சோறும் போட்டு கரண்டும் குடுக்கணும், இல்லீங்களா?"

கிழிந்த சத்தம்

கொழும்பிலிருந்து ஒரு பெடல் வாங்கி வந்தேன். காலால் மிதித்தால் கிட்டார் சத்தம் கரகரத்து உறுமும். உலகத்துப் பாட்டுக்காரர்கள் பாதிப்பேர் அந்த உறுமலை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஒரு திருவிழாவில் முதன்முதலாக மிதித்தேன். உறுமல் ஒரு வரிகூடத் தாண்டவில்லை, என் சத்தம் செத்துப்போனது.

எங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்குத் தரும் ஹட்டன் கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, ஓடிவந்து என் வயரைப் பிடுங்கியிருந்தார். பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டியிலும் காதை வைத்து எது கிழிந்தது என்று தேடினார். பாடகி பாவம், தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் வேண்டுமென்றே செய்வது என்று பெடலை எடுத்துக் காட்டினேன். நானா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இதுக்கா தம்பி கொழும்புக்குப் போனீங்க? கிழிஞ்ச ஸ்பீக்கர் எங்கட கடையில சும்மாவே கெடக்குதே."

கூ

மே தின மேடை. தோட்டத் தொழிலாளர் சம்பளம் கூடப்போகிறது என்று ஒரு தலைவர் பேசிக்கொண்டிருந்தார். கிட்டாரில் இருக்கிற அந்தச் செப்புக்கம்பிச் சுருள் பக்கத்து விளக்கின் இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். நான் அவருக்குப் பின்னால் விளக்குகளுக்கடியில் நின்றதால், என் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து "ஊ..." என்று ஒரு சத்தம் விடாமல் வந்தது. தலைவர் பேச்சை நிறுத்திவிட்டார். கூ அடித்துக் கேலி பண்ணுவது யார் என்று பார்க்கச் சொல்லி அவருடைய ஆள் ஒருவரை அனுப்பினார்.

விஷயத்தைச் சொல்லிச் சத்தத்தை முழுசாகக் குறைத்தேன். தலைவர் மறுபடி சம்பளத்துக்கு வந்தார். "ஊ..." மறுபடி கேட்டது. இந்தத் தடவை தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் உட்கார்ந்திருந்த பின்வரிசையிலிருந்து. அவருடைய ஆள் என்னிடமே திரும்பி வந்து, குனிந்து, ரகசியமாகச் சொன்னார்.

"அதையும் கொஞ்சம் கொறைங்க தம்பி."

நின்றால் போதும்

போன வருஷம் எங்கள் குழுத்தலைவர் ஒரு புதுக் கீபோர்ட் வாங்கினார். ஒரு பட்டனை அழுத்தினால் கிட்டார் சத்தம் வரும். இனி நான் தேவையில்லை என்று நினைத்தேன். தேவை என்றார், வீடியோவுக்கு. வயர் மாட்டாமல் நின்று கையை ஆட்டினால் போதுமாம். கம்பியை விரலால் வளைத்து ஒரு சுரத்தை அழவைப்பது எந்தப் பட்டனுக்கும் வராது என்று வாதாடினேன். கேட்கிறவர்களுக்கு அது தெரியாது என்றார். முடியாது என்று சொன்னால் மேடையே இல்லை.

தலவாக்கலையில் ஒரு வரவேற்பில் அப்படியே நின்றேன். கை தானாகச் சரியான இடங்களுக்குப் போனது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. முகத்தை மட்டும் சிரித்தபடி வைத்திருந்தேன், வீடியோ ஓடுகிறதே. முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா நேராக என்னிடம் வந்தார். எங்களைப் பல கல்யாணங்களில் கேட்டவர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்குத்தான் தம்பி ஒரு பெசகும் இல்லாம வாசிச்சீங்க."

வாசிக்கிறவனை மட்டும் எடுத்துவிட்டால் இந்த வாத்தியத்தில் வேறு எந்தக் குறையும் இல்லை என்பதே இத்தனை மேடை ஏறி நான் தெரிந்துகொண்டது.