இரண்டு நாட்டு எஞ்சின்

அந்த எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால்தான் அதன் கதை தெரியும். மேலே பச்சை வண்ணம் பூசிய இங்கிலாந்து உடம்பு. கீழே, சக்கரங்களுக்கு நடுவே, ஜெர்மன் எழுத்துகள் பொறித்த பித்தளைத் தகடு. இரண்டும் சேரும் இடத்தில் அரத்தால் ராவிய கோடுகள். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை எஞ்சின்தான். அக்கா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் அதை என் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள்; இதுபோல இன்னொன்று வாங்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது என்று சொல்லும்போது எனக்கு ஏற்படும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதைச் செய்தவள் என் அக்கா. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பினாங்கு ஜப்பான்காரன் கையில் இருந்தது.

அப்பா கடலுக்கு அக்கரையில் இருந்த பிறை ரயில் பட்டறையில் ஃபிட்டர். சண்டைக்கு முன்பு, வேலையை விட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர், தம் மகன் விளையாடி அலுத்த எஞ்சினையும் அதன் தண்டவாளத்தையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியின் பலகைத் தரையில் அப்பா தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டுவார். எங்களைவிட அவர்தான் அதிகம் விளையாடினார். ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்த அப்பா, “ஸ்பிரிங் நடுவுலயே போயிருச்சு. சீமையிலேர்ந்து வந்தாதான் உண்டு” என்று சொல்லி, பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். அதற்கப்புறம் சீமையிலிருந்து எதுவும் வரவில்லை. குண்டு விழுந்தது, ஜப்பான்காரன் வந்தான், அப்பாவை சயாமில் ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வயது வந்த பெண்ணை வைத்துக்கொண்டு அம்மா பட்ட பயம் சொல்லி மாளாது. அக்காவின் நீளமான தலைமுடியை ஒட்ட வெட்டி, அப்பாவின் சட்டையைப் போட்டுவிட்டு, மாடியை விட்டு இறங்கக்கூடாது என்று கட்டளை போட்டாள். படித்த பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். கணக்கில் வகுப்பையே மிரட்டியவள், நாள் முழுதும் மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்தபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் அந்த பிஸ்கட் டின்னையும் அப்பாவின் அரங்களையும் கேட்டாள். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?” என்றாள் அம்மா. “சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும்மா. அப்பா வர்றப்ப இது ஓடணும்” என்றாள் அக்கா. ‘வர்றப்ப’ என்று அவள் சொன்ன பிறகு அம்மாவால் மறுக்க முடியவில்லை.

உடைந்த ஸ்பிரிங்குக்கு மாற்று எங்கே கிடைக்கும்? பக்கத்து வீட்டுச் சீனக்காரம்மாவை நாங்கள் ஆசோ என்று கூப்பிடுவோம். அவருடைய ஒரே மகன் சிறுவனாக இருந்தபோது ஒரு ஜெர்மன் எஞ்சின் வைத்திருந்தான். முதல் குண்டுவீச்சில் அவர்கள் வீட்டுப் பின்கட்டு இடிந்து, எஞ்சினின் மேல்கூடு நசுங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு, வாலிபனாகியிருந்த அந்த மகனையே ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. அப்படிப்பட்ட தாயிடம் போய் எப்படிக் கேட்பது? அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். பின்கட்டு வழியாக அக்காவே போனாள். ஆசோ உள்ளே போய், நசுங்கிய எஞ்சினைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். நசுங்கிய கூட்டுக்குள் மெஷின் பழுதில்லாமல் இருந்தது. “அம்பில்லா” என்றார்; எடுத்துக்கொள் என்பதற்கு மலாய்ச் சொல் அது. “ஓடினால் எனக்குச் சத்தம் கேட்கட்டும்.”

ஜெர்மன் ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி மாட்டிவிடலாம் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். அது அகலமாக இருந்தது. இங்கிலாந்துக் கூட்டுக்குள் அடங்கவில்லை. அப்படியானால் மெஷினையே சக்கரங்களோடு தூக்கி மாற்ற வேண்டும். தண்டவாளத்தின் அகலம் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தது மட்டும்தான் அதிர்ஷ்டம். மற்றதெல்லாம் முரண்டு பிடித்தது. மெஷின் நீளமாக இருந்ததால், எஞ்சினின் உட்புறத்தை நாள்கணக்கில் ராவி இடம் உண்டாக்கினாள். ஒன்றுக்குச் சாவித் துளை இடப்பக்கம், மற்றதற்கு வலப்பக்கம். நல்ல பச்சை உடம்பில் புதிதாகத் துளை போட அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் அதைத் தொடாமலே இருந்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடித் திறந்துவிட்டுத் துளைத்தாள். சக்கரங்களை இணைக்கும் பழைய தண்டுகள் புதிய சக்கரங்களுக்குப் பொருந்தவில்லை. கிழிந்த குடையின் கம்பியை வெட்டி, முனையைத் தட்டித் துளையிட்டுப் புதுத் தண்டுகள் செய்தாள். கைவிரலெல்லாம் கீறல்.

பூட்டி முடித்து ஓட விட்டபோது பாதி வட்டம் போய்க் கவிழ்ந்தது. மறுபடியும் விட்டாள், அதே வளைவில் கவிழ்ந்தது. நான் அழுதேவிட்டேன். அக்கா அழவில்லை. தரையோடு கன்னத்தை வைத்துப் படுத்து, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முன்னாடி கனமே இல்லடி, அதான் தூக்குது” என்றாள். தூண்டில் ஈயக் குண்டுகளை எங்கிருந்தோ சேர்த்து, எஞ்சினின் முன்பகுதிக்குள் மெழுகு ஊற்றி ஒட்டினாள்.

அதை ஓட்டிப் பார்த்த காலை வேளையில்தான் சோதனை வந்தது. ரேடியோ ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று ஜப்பான்காரர்கள் சந்தில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கீழே அம்மா குனிந்து வணங்குவது தெரிந்தது. மாடியில் எஞ்சின் பல்சக்கரச் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா பாய்ந்து பிடிப்பதற்குள் பூட்ஸ் கால்கள் படியேறிவிட்டன. ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், மலாய் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்.

அதிகாரி எஞ்சினைத் தூக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். திருப்பிப் பார்த்தார். இங்கிலாந்து உடம்பில் ஜெர்மன் எழுத்து. அரம் போட்ட தடம். உள்ளே ஏதோ கனம். முகம் இறுகியது. “யார் செய்தது என்று கேட்கிறார்” என்றார் மொழிபெயர்ப்பாளர். அப்பா செய்தது என்று சொல்லியிருக்கலாம். அப்பா அங்கே இல்லை, அவரிடம் யாரும் கேட்டுப் பார்த்திருக்கவும் முடியாது. அக்கா நிமிர்ந்து, “நான்தான்” என்றாள். எஞ்சினை வாங்கி, சாவி கொடுத்து, தண்டவாளத்தில் வைத்தாள். முன்பு கவிழ்ந்த வளைவை அது தாண்டியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, ஸ்பிரிங் தீரும்வரை ஓடி, தானாக நின்றது. சிப்பாய்களில் ஒருவன் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

அதிகாரி அதை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அக்கா வழிமறித்தாள். “இது முழுசா எங்களுடையது இல்லை. பாதி பக்கத்து வீட்டு ஆசோ மகனுடையது” என்றாள். அவன் எங்கே என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர். “நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள்” என்றாள் அக்கா.

படியில் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மொழிபெயர்ப்பாளர் அக்காவையே ஒரு கணம் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் ஜப்பானிய மொழியில் என்னவோ நீளமாகச் சொன்னார். நிச்சயமாக அக்கா சொன்னது அவ்வளவு நீளமில்லை. அதிகாரி எஞ்சினைத் தண்டவாளத்தின் மேலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். அந்த மனிதர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர்கள் சந்தைத் தாண்டிய பிறகு அம்மா மேலே வந்து, திட்டுவாள் என்று பார்த்தால், அக்காவின் முடி வெட்டிய தலையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். “இன்னொரு தடவ ஓட்டுடி” என்றாள் கடைசியில். “பக்கத்துல கேக்கட்டும்.”

சண்டை முடிந்து அப்பா வந்தார். எலும்பும் தோலுமாக, யாரோடும் பேசாதவராக வந்தார். அக்கா எஞ்சினை அவர் பாயருகே வைத்தாள். அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. பட்டறைக்காரர் அல்லவா, முதலில் திருப்பித்தான் பார்த்தார். கட்டைவிரல் தண்டில் வந்து நின்றது. “இது என்னாது?”

“கொடைக் கம்பிப்பா.”

அப்பா சிரித்தார். சயாமிலிருந்து வந்தபின் நாங்கள் பார்த்த முதல் சிரிப்பு அது.

உடம்பு தேறியதும் எங்கள் இருவரையும் ஃபெரியில் ஏற்றிப் பிறைப் பட்டறைக்கு அழைத்துப் போனார். எஞ்சின் கை மாறி மாறிப் போயிற்று. கிரீஸ் படிந்த பெரிய கைகள், பூப்போலத் தாங்கிப் பார்த்தன. “கெட்டிக்காரன்லா நீ, எப்பச் செஞ்ச?” என்று ஒருவர் அப்பாவைக் கேட்டார்.

“நான் எங்க இருந்தேன்னு ஒனக்குத் தெரியாதா? எம்மவ செஞ்சது” என்றார் அப்பா. குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

அக்கா அவர் சட்டையை இழுத்தாள். “உள்ள இருக்கறது ஆசோ மகனோட மெஷின்பா. அதையும் சொல்லுங்க.”

அப்பா அதையும் சொன்னார்.