மூன்றா, எட்டா?

ரைண்ட் போல்ஹவுஸ் தன் காரின் ஜன்னல் கண்ணாடியை ஒரு சாண் இறக்கி, விளிம்பில் பட்டாணிப் பையை வைத்து, அதன் மேல் லென்ஸைப் படுக்கவைத்துவிட்டால் பிறகு அரை மணி நேரத்துக்கு யாரும் அவரிடம் பேசக் கூடாது. பேசினால் இடது கையைப் பின்னால் நீட்டி ஒரு விரலை ஆட்டுவார். பழைய தலையணை உறையில் காய்ந்த பட்டாணியை நிரப்பித் தைத்த பை அது. கேமராவுக்கு அதைவிட ஆடாத மெத்தை கிடையாது என்பது அவர் கட்சி. மார்ச்சில் பறவைகள் வடக்கே கிளம்பியதும் அந்தப் பட்டாணி சூப்பாகிவிடும். எனக்கும் இரண்டு வருடம் ஒரு கிண்ணம் கிடைத்தது. நன்றாகவே இருந்தது.

நான் லாவர்ஸோக் துறைமுகத்தில், தீவுக்குப் போகிற படகுக்குச் சீட்டுப் பார்க்கிறவன். பெயர் ஹார்ம். ரைண்டுக்கு மட்டும் 'டிக்கெட்டு'. என் சீட்டுக் கூண்டிலிருந்து பார்த்தால் இறால் படகுகளைக் கட்டி நிறுத்துகிற துறை, அதற்கு அப்பால் அலைதடுப்புக் கற்கள், இந்தப் பக்கம் சுவரோரம் ரைண்டின் சாம்பல் நிறக் கார். பதினோரு குளிர்காலமாகச் செவ்வாயும் வெள்ளியும் பத்தரைக்கு வந்து நிற்கிறது. எங்கள் படகுகூடச் சில நாள் தாமதமாகும்.

கடற்காகங்களின் காலில் ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிவிடுகிற வளையத்தில் உள்ள எண்ணைப் படிப்பதுதான் இவருடைய வேலை. படித்து எழுதி அனுப்பினால், அந்தப் பறவை எந்த ஊரில் பிறந்தது, எங்கெங்கே தென்பட்டது என்று பதில் வரும். அவ்வளவுதான் லாபம். வேலையில் இருந்த காலத்தில் முப்பத்தெட்டு வருடம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் படித்தவர். வாசல் பலகையைத் தூக்கி, குழிக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். மற்றவர்கள் குழியில் தண்ணீர் நின்றால் போன மாதத்து எண்ணைப் பார்த்து உத்தேசமாக ஒன்றை எழுதிவிடுவார்கள்.

"நான் ஒரு தடவைகூட உத்தேசமா எழுதினதில்ல. தண்ணி நின்னா இறைச்சுட்டுப் படிப்பேன்," என்பார் ரைண்ட். "பாதி தெரிஞ்ச நம்பர் நம்பரே இல்ல, டிக்கெட்டு."

பக்கத்து இருக்கையில் அவர் மனைவி ஃபென்னா. மடியில் நோட்டு, காலடியில் காப்பிக் குடுவை, கதவோரம் பிஸ்கட் டப்பா. படிப்பது அவர், எழுதுவது இவர். காப்பியோடு ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம் என்றாலும், ஃபென்னா மூடுகிற சத்தத்தில் மேற்கொண்டு கை நீட்டுகிற தைரியம் யாருக்கும் வராது. பதினோரு வருடத்தில் அந்த டப்பா ஒரே நாளில் இரண்டாம் முறை திறந்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் படிக்கிற நூற்றுக்கணக்கான எண்களில் ஒன்றுக்கு மட்டும் பெயர் உண்டு. கருமுதுகுக் கடற்காகம் ஒன்று, நார்வேக்காரர். டிசம்பர் பிறந்தால் வந்து, அலைதடுப்பில் விளக்குக் கம்பத்திலிருந்து மூன்றாவது கல்லில் நிற்கும். கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்து, கீழே இருப்பவர்களை அளந்து பார்க்கிற பார்வை. ஃபென்னா அதற்குப் பாதிரியார் என்று பெயர் வைத்துவிட்டார். வளையத்தில் ஜே 736. ஒவ்வொரு வருடமும் முதலில் கண்டுபிடிப்பது ஃபென்னாதான். எண்ணைப் படித்து உறுதி செய்வது ரைண்ட்.

சென்ற செப்டம்பரில் ஃபென்னாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு வாரம். கிழித்துத் தைத்த மூன்றாம் நாள், "டிசம்பர்ல பாதிரியார் வரணும், பாக்க நானும் இருக்கணும். வேற ஒண்ணும் கேக்கல," என்றாராம். பிழைத்துவிட்டார் என்று உறுதியான அன்று ரைண்ட் என் கூண்டுக்கு வந்து, "இதைவிட மோசமாவும் ஆயிருக்கலாம்," என்றார். எங்கள் ஊர்க்காரர் வாயிலிருந்து அதற்கு மேல் ஆனந்தம் வராது. சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து என் கூண்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

வீடு திரும்பியதும் ஃபென்னா முதல் வேலையாக அவருக்குப் புது லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தார். கைத்தடி நீளம், நல்ல வெள்ளை.

"நாலு வாரம் என் பக்கத்துல சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு இந்த மனுஷன்," என்றார் என்னிடம். "இனிமே பாக்கறதுக்கு ஏதாவது வேணும்ல."

டிசம்பர் இரண்டாவது செவ்வாய், மூன்றாவது கல்லில் கறுப்பு அங்கி தெரிந்தது. "வந்தாச்சுய்யா!" என்று ஃபென்னா போட்ட சத்தம் என் கூண்டுவரை கேட்டது. ரைண்ட் நாற்பது படம் எடுத்தார். கேமராவின் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் வெண்ணெய் தடவியதுபோல் இருந்தது. ஜே தெரிந்தது, ஏழு தெரிந்தது, கடைசி ஆறும் தெரிந்தது. நடுவில் இருப்பது மூன்றா, எட்டா என்று தெரியவில்லை.

"அதேதான்யா. நிக்கிற திமிரப் பாரு!" என்றார் ஃபென்னா.

"திமிருக்கு நம்பர் கிடையாது, ஃபென்னா. எழுநூத்தி எண்பத்தாறுன்னு இன்னொண்ணு இருந்தா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரைண்டுக்கு அது வரவே வராது. ஃபென்னா நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பாதிரியாரின் பக்கத்தில் கேள்விக்குறி விழுந்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து ரைண்ட் அந்த லென்ஸோடு மல்லுக்கு நின்றார். முகப்பில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நடுக்கம் தடுக்கும் விசையை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார். ஃபோகஸைத் தானாக விட்டுப் பார்த்தார், கையால் திருப்பிப் பார்த்தார். காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதற்குள்ளிருந்து எடுத்தார், அது இன்னும் மோசம். வீட்டில் செய்தித்தாளின் மரண அறிவிப்புப் பக்கத்தைக் கொட்டகைச் சுவரில் ஒட்டி, தோட்டத்தின் மறுகோடியிலிருந்து படம் பிடித்தார். பொடி எழுத்து வேறு எந்தப் பக்கத்திலும் இல்லையாம்.

"நானே இப்பத்தான் அந்தப் பக்கத்துக்குப் போகாம தப்பிச்சு வந்திருக்கேன். வேற பக்கம் கெடைக்கலியா உனக்கு?" என்று ஃபென்னா வைதிருக்கிறார்.

செத்தவர்கள் எல்லோரும் ஊசி முனைபோலத் தெளிவாக விழுந்திருந்தார்கள். துறைமுகத்துக்கு வந்தால் மறுபடி வெண்ணெய். பழைய லென்ஸோடு ஒப்பிடலாமென்றால், அதைப் பறவை பார்ப்பவர்கள் சங்கத்துக்குக் கொடுத்தாகிவிட்டது, அவர்கள் உதிரி பாகத்துக்காகப் பிரித்துவிட்டார்கள். புது லென்ஸைக் கடைக்கு அனுப்பினார். 'குறை ஏதுமில்லை' என்ற சீட்டோடு திரும்பி வந்தது.

இதையெல்லாம் ஃபென்னாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. சாவின் வாசல்வரை போய்வந்தவள் ஆசையாக வாங்கிக் கொடுத்த லென்ஸைச் சொத்தை என்று எப்படிச் சொல்வது? "கை பழகணும்," என்றே சொல்லிவந்தார். என்னிடம் ஒரு நாள் கூண்டுக்கு வெளியே நின்று, தொப்பியைக் கையில் உருட்டியபடி கேட்டார்:

"டிக்கெட்டு, அந்தப் படகு மேல எழுதியிருக்கறத உன்னால படிக்க முடியுதா?"

"முடியுது."

"எனக்கும் முடியுது. அப்ப கோளாறு கண்ணுல இல்ல." தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். "ராத்திரியெல்லாம் கண்ணுதான் போயிடுச்சோன்னு நெனச்சேன்யா."

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஃபென்னாவை மகள் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். ரைண்ட் தனியாக வந்தார். பன்னிரண்டு மணிக்கு என் கூண்டுக் கதவை இடித்துக்கொண்டு நுழைந்து கேமராவை நீட்டினார். பாதிரியார் அன்றைக்கு இல்லை. ஆனால் அதே அலைதடுப்பில் நின்ற ஒன்பது கடற்காகங்களின் வளையங்களும் மீட்டர் பலகை மாதிரி பளிச்சென்று இருந்தன. இறகின் ஓரத்து நரம்பைக்கூட எண்ணலாம்.

"என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. ஹீட்டர் போடல. அவ்வளவுதான்."

ரைண்டின் காரில் நின்ற இடத்தில் ஹீட்டர் ஓடி இந்தக் குளிர்காலத்துக்கு முன் நான் பார்த்ததில்லை. எஞ்சினை வீணாக ஓடவிடுவது அவருக்குப் பெரிய பாவம். பத்து வருடம் கம்பளியும் கையுறையுமாக இருவரும் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அறுவைக்குப் பிறகு ஃபென்னாவுக்குக் குளிர் ஆகவில்லை. அதனால் இந்த வருடம் முழு வேகத்தில் ஹீட்டர், படம் எடுக்கத் திறந்த ஜன்னல். "என்ன ரைண்ட், கடலையே காய வைக்கிறியா?" என்று இறால் படகுக்காரர்கள் கார் நின்ற நாளெல்லாம் கேலி செய்தார்கள். அந்த வெந்த காற்று ஜன்னல் வழியே குளிரில் கலந்து நெளிய, லென்ஸ் அந்த நெளிவின் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. லென்ஸும் ஹீட்டரும் ஒரே குளிர்காலத்தில் காருக்குள் வந்ததால் பழி லென்ஸின் மேல் விழுந்துவிட்டது.

"சரி, இனிமே ஹீட்டரை அணைச்சுட்டு எடு," என்றேன்.

"அவ உதடு நீலமாகி நான் பாத்திருக்கேன், டிக்கெட்டு. நீ பாத்ததில்ல."

"அப்ப ஒரு நாள் தனியா வந்து எடுத்துட்டுப் போ."

"அவ இல்லாம பாதிரியாரைப் பாத்துட்டு வந்து அவளுக்குச் சேதி சொல்றதா? நல்லாருக்கு." கதவருகில் போய்த் திரும்பினார். "அவகிட்ட வாயைத் திறக்காத. தெரிஞ்சா அவளே அணைச்சுருவா, இல்ல வீட்டுலயே இருந்துருவா. மங்கலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

அடுத்த நான்கு வாரம் ஒரு எண்ணையும் முழுதாகப் படிக்காமல், மங்கல் என்று தெரிந்தே படம் எடுத்துக்கொண்டு, "இன்னும் கை பழகல," என்று சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். ஒரு தண்ணீர் மீட்டரிடம்கூடப் பொய் சொல்லாதவர்.

பிப்ரவரி முடிகிற ஒரு செவ்வாய். படகு போய்விட்டது, நான் அவர்கள் காரின் பின் இருக்கையில் காப்பியோடு இருந்தேன். பிஸ்கட் ஆளுக்கு ஒன்று ஆகிவிட்டது, டப்பா மூடியாகிவிட்டது. மூன்றாவது கல்லில் பாதிரியார் வந்து இறங்கினார். இன்னும் சில நாளில் வடக்கே கிளம்பிவிடுவார். ரைண்ட் பட்டாணிப் பையின் மேல் குனிந்தார்.

ஃபென்னா கை நீட்டி ஹீட்டரை அணைத்தார். எஞ்சின் சாவியையும் திருப்பினார். பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

"என்ன பண்ற?"

"இருபது நாளு நான் வந்திருக்கேன், எல்லாத்துக்கும் கேள்விக்குறி," என்றார் நோட்டைத் தட்டி. "ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வரல, உன் கையெழுத்துல ஒம்பது நம்பரும் முழுசு. நான் இருந்தா மங்குது, இல்லன்னா தெளியுதுன்னா என்னய்யா அர்த்தம்? இப்பக் காப்பிக் கோப்பைய மூஞ்சிக்கு நேரா பிடிச்சேன். ஆவிக்கு அந்தப் பக்கம் கல்லெல்லாம் நெளியுது. புரிஞ்சுபோச்சு."

ரைண்ட் என்னைத் திரும்பி முறைத்தார். நான் சத்தியமாக எதுவும் சொல்லவில்லை.

"கண்ணாடிய ஏத்து, ஃபென்னா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"குளிர்ல ஓடாதன்னாரு. நான் உக்காந்துதான் இருக்கேன். நீ பறவையப் பாரு."

இறங்கிப் போய் எடுக்கவும் வழியில்லை; கார்க் கதவு திறந்தால் கற்களில் ஒரு கடற்காகம் மிஞ்சாது. கார் வெளிக் காற்றளவுக்குக் குளிர இருபது நிமிடம் ஆயிற்று. நான் என் கோட்டைக் கழற்றி முன்னால் நீட்டினேன். ஃபென்னா அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ரைண்டின் ஒரு கண் பறவையின் மேல், மறு கண் மனைவியின் உதட்டின் மேல். பாதிரியார் ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் வைத்துக்கொண்டார், வளையம் இருந்த காலை. நான் மனதுக்குள் அவரைத் திட்டினேன். கடைசியில் ஒரு அலை கல்லில் மோத, அவர் காலை இறக்கினார். ஷட்டர் ஓடியது.

ரைண்ட் திரையைப் பார்க்கவில்லை. கேமராவை மடியில் கவிழ்த்துவிட்டு முதலில் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார், எட்டி மனைவியின் பக்கத்தையும் ஏற்றினார், சாவியைத் திருப்பி ஹீட்டரை முழுக்க வைத்தார். வெந்த காற்று வரும்வரை ஃபென்னாவின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். பிறகுதான் கேமராவை எடுத்து, தான் படிக்காமல், அவர் கையில் கொடுத்தார்.

"நீயே படி."

ஃபென்னா மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார்.

"ஜே," என்றார். "ஏழு." திரையை ஜன்னல் பக்கம் திருப்பினார். "மூணு. மூணுதான்யா. ஆறு."

நோட்டில் எழுதினார். டிசம்பர்ப் பக்கத்துக்குத் திருப்பி, அங்கிருந்த கேள்விக்குறியை அப்படியே விட்டுவிட்டார். அன்றைக்குத் தெரியாதது தெரியாததுதான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். பிறகு குனிந்து, கதவோரத்திலிருந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, முதலில் ரைண்டிடம், பிறகு என்னிடம் நீட்டினார்.