தண்ணீரில் விடச் சொன்ன முடி

எங்கள் அண்ணா எங்களை விட்டுப் போய் இன்று முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய நற்குணங்களையே வாசிக்க நினைத்திருப்பீர்கள். அவையும் இதில் உண்டு. ஆனால் செத்த வீட்டில் பலர் நேரிலும் மறைவிலும் கேட்ட ஒரு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்வதுதான் முறை என்று படுகிறது. சரியா பிழையா என்று தெரியாமல் மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கேள்வி இதுதான்: என்னை இந்த நாட்டுக்கு எடுத்துக் கலியாணம் கட்டிக்கொடுத்த அண்ணா, கடைசி நான்கு மாதங்களும் ஏன் லண்டன் நோர்பரியில் உள்ள என் வீட்டு வாசலைத் தாண்டவில்லை?

அண்ணா கொடிகாமத்தில் பிறந்தவர். எங்கள் தகப்பனார் தபாற்கந்தோரில் வேலை செய்தார். வெள்ளி, செவ்வாயில் மட்டுமல்ல, வேறு நாட்களிலும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பது குறைவு. அண்ணா கணக்கில் கெட்டிக்காரர். எண்பத்து நான்கில் லண்டனுக்கு வந்து, ஐந்து பேரோடு ஒரே அறையில் இருந்து, பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடி வில்லை அரைக்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அவருடைய விரல்களுக்கு ஏற்ற வேலை அது. தூசிபோன்ற கீறலையும் நகத்தால் தடவிக் கண்டுபிடிப்பார். அங்கே அவரோடு வேலை செய்த ரெஜ் என்ற வெள்ளைக்காரப் பெரியவர்தான் அவருக்குத் தூண்டிலைப் பழக்கினார். கடல் சுற்றிவரக் கிடந்த ஊரில் தூண்டிலே தொடாத மனிதர், இங்கே ஒவ்வொரு ஞாயிறும் நீர்த்தேக்கக் கரையில் நின்றார்.

அம்மா காலமான அடுத்த வருடம் அண்ணா என்னைக் கூப்பிட்டார். விமான நிலையத்தில் நான் குளிரில் நடுங்கியதைக் கண்டு தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார். அதில் மீன் வெடில். கார் நிறுத்தும் இடத்திலேயே சத்தி எடுத்தேன். அந்த நன்மையையும் அந்த நாற்றத்தையும் இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

நான்கு வருடம் அவரோடு ஒரே பிளாட்டில் இருந்தேன். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி எனக்கு, மறுபாதி அவருடைய இறகுகளுக்கு. திரவுட் என்ற மீன் இலையுதிர் காலத்தில் பூச்சிகளை விட்டுவிட்டுச் சின்ன மீன்குஞ்சுகளைத் துரத்துமாம். அந்தக் குஞ்சுகளைப்போல தூண்டில் ஊசியில் இறகும் மயிரும் வைத்துக் கட்டுவார். அவற்றுக்குப் 'பொய்க்குஞ்சு' என்று பெயரும் வைத்திருந்தார். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, நடுவில் அம்மாவின் பழைய கூறைப்புடவையின் கரையில் உருவிய சரிகை, தலைக்குப் பெரிய கண். முயல் தோல் ஒன்று எங்கள் பிரீசரில் இடியப்பப் பைக்குக் கீழே கிடந்தது. ஒருநாள் தெருவில் கார் அடித்த அணில் ஒன்றைப் பொலித்தீன் பையில் கொண்டு வந்து நின்றார்.

"என்னண்ணை இது? சீ!"

"வாலை மட்டும்தான் எடுக்கப் போறன். மிச்சத்தை எறிஞ்சிடுவன்."

"எதால வெட்டப் போறியள்?"

அவருடைய கண் என் சமையற்கட்டுக் கத்தரிக்கோல் பக்கம் போனது. அன்றே புதுக் கத்தரிக்கோல் வாங்கினேன்.

எல்லாவற்றிலும் கேவலம் அந்தக் கரண்டி. நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். முதலில் பிடித்த மீனின் வாய்க்குள் அதைவிட்டு வயிற்றில் இருப்பதை வழித்தெடுத்து, ஒரு வெள்ளைச் சோசரில் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பார்ப்பார். அரைவாசி கரைந்த குஞ்சுகள், கண் மட்டும் மிச்சமாக மிதக்கும். அவற்றின் நீளத்தை விரலில் வைத்துப் பார்த்து, அதே அளவில் பொய்க்குஞ்சைத் தெரிவுசெய்வார். அந்தச் சோசர் எங்கள் வீட்டுச் சோசர் என்பது எனக்கு இரண்டு வருடம் தெரியாது.

"கூட்டத்தில வடிவான குஞ்சைப் பார்த்துக் கட்டக்கூடாது, தங்கச்சி. காயப்பட்டு விலகிப் போறதைத்தான் பெரிய மீன் தேடும். கொஞ்சம் இழுத்து, விட்டு, கொஞ்சம் சாய விடவேணும்," என்பார், கறித்துண்டை வாயில் வைத்துக்கொண்டே. நான் தட்டோடு எழுந்து போவேன்.

இவ்வளவு அரியண்டத்துக்கும் நடுவில் அவர் எனக்காக ஒன்றும் குறை வைக்கவில்லை. என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். என் கலியாணத்தன்று தன் நகக்கண்களைப் பிரஷ் போட்டு உரஞ்சியதில் இரத்தம் வந்திருந்தது. தனக்கென்று ஒரு கலியாணம் அவர் பேசவேயில்லை.

என் மகள் பிறக்கும்போதே காதை மூடும் முடி. முப்பத்தோராம் நாள் தாய்மாமனான அண்ணாவின் மடியில் வைத்து மழித்தோம். முடியைக் குப்பையில் போடக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும் என்று என் மாமியார் சொன்னார். ஆற்றுக்கும் குளத்துக்கும் போகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான். ஒரு கடித உறையில் போட்டு நானே அண்ணாவின் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் அதைப்பற்றி நான் நினைக்கவேயில்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறு, அண்ணா நல்ல சந்தோசத்தில் வந்தார். மகளுக்கு அந்தக் கிழமை இருமலும் காய்ச்சலும். அவர் மாமிக்கு முன்னால் தன் பெட்டியைத் திறந்து ஒரு பொய்க்குஞ்சைத் தூக்கிக் காட்டினார்.

"இதுதான் மாமி ராசா. இந்த வருசம் இதுக்கு மட்டும் பதினொரு மீன். முதுகைப் பாருங்கோ, தண்ணிக்குள்ள உயிர் மாதிரி அசையும். கடையில இப்பிடி மயிர் வாங்கேலாது."

"என்ன மயிர் தம்பி?"

"மருமோளின்ரதான்."

மாமி கையை உதறினார். "சிவ சிவா! பச்சைப் பிள்ளையின்ர முடியை மீன்ர வாய்க்குள்ளயோ?"

நான் அதை வாங்கிப் பார்த்தேன். கறுப்புமுடி. இடையிடையே காய்ந்த சளிபோல மீனின் வழுவழுப்பு ஒட்டியிருந்தது. பல்லுப் பட்டு ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

"நான் தண்ணியில விடச் சொல்லித்தானே தந்தனான்?"

"விட்டனான்தானே! நீ ஒருக்கா விடச் சொன்னனீ. நான் நூறு தரம் விட்டிட்டன்."

"குளத்துத் தண்ணி ஓடுமோ தம்பி?" என்றார் மாமி.

"வேல்ஸுக்குப் போனபோது ஆத்திலயும் விட்டனான், மாமி."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் பிள்ளையைக் கொக்கியில் கட்டித் தண்ணீரில் எறிந்ததுபோல இருந்தது. காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று படித்த எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்: "இனி இந்தக் கையோட என்ர பிள்ளையைத் தூக்காதேங்கோ. இஞ்ச வராதேங்கோ."

அவர் பெட்டியை மூடிக்கொண்டு போனார். சனிக்கிழமைகளில் போன் எடுத்து, "பிள்ளையின்ர இருமல் எப்பிடி?" என்று கேட்பார். "சுகம்" என்று வைத்துவிடுவேன். மார்கழியில் ஒருநாள் கதவைத் தட்டினார். வாசலுக்கு வெளியே நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைபோல இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "டெட்டோல் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்தனான்." பிள்ளை நித்திரை என்றேன். அவள் எனக்குப் பின்னால் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைக் கண்டார். "நித்திரை கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதக் கடைசியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு நாளும் போனேன். மகளைக் கொண்டுபோகவில்லை. வார்ட்டில் எல்லாரும் இருமினார்கள், கிருமி பயம். வியாழக்கிழமை அண்ணா சொன்னார்:

"சாமன் மீன் கடலால ஆத்துக்குள்ள வந்தாப் பிறகு ஒண்டும் சாப்பிடாது. பசி இல்லாட்டியும் பொய்க்குஞ்சைக் கவ்வும். ஏன் சொல்லு?"

"தெரியாதண்ணை."

"கோவத்தில. உன்னை மாதிரி."

சிரித்துவிட்டேன். அப்போதுதான் கேட்டார்: "சின்னவளை ஒருக்காக் கொண்டு வாவன்."

"ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாறன் அண்ணை."

சனிக்கிழமை காலை போன் வந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அண்ணா கோபித்துக்கொண்டு வராமல் இருக்கவில்லை. நான்தான் வரவேண்டாம் என்றேன். கடைசியில் பிள்ளையைக் காட்டாமல் விட்டதும் நான்தான். அன்று எது எனக்கு அருவருப்பாகப் பட்டதோ அது இன்றும் அருவருப்பாகத்தான் படுகிறது. அதைவிட அதிகம், அந்த வாசலில் அவரை நிற்கவிட்டுப் பொய் சொன்ன என் வாயை நினைக்கும்போது.

போன கிழமை தேம்ஸ் கரையில் அண்ணாவின் சாம்பலைக் கரைத்தோம். பட்டறையில் இருந்த அவருடைய பெட்டியை ரெஜ் கொண்டு வந்திருந்தார். அந்தப் பொய்க்குஞ்சை உடனே அடையாளம் கண்டேன். இப்போது இன்னும் கிழிந்திருந்தது. அப்படியே எறிந்தால் ஊசி ஒரு அன்னத்தின் தொண்டையில் குத்துமோ, கரையில் விளையாடும் பிள்ளையின் காலில் ஏறுமோ என்று எனக்குப் பயம். ரெஜ் குறட்டால் நூலை வெட்டிவிட்டார். மிச்சத்தை நானே நகத்தால் பிய்த்தேன். அழுகல் வாடை. ஒரு மீன் செதில் என் விரலில் ஒட்டியது. மகளின் முடியை அண்ணாவின் சாம்பலோடு ஓடுகிற தண்ணீரில் விட்டேன். மகள் என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணாவைப் பராமரித்த தாதிமாருக்கும், வைத்தியர்களுக்கும், செத்த வீட்டில் சமைத்தும் பரிமாறியும் உதவிய அயலவர்களுக்கும், கிரியைகளைச் செய்த ஐயாவுக்கும், ஹரோவிலும் வால்தம்ஸ்டோவிலும் இருந்து வேலையை விட்டு வந்த உறவுகளுக்கும், என்னை ஒன்றும் கேளாமல் கூட இருந்த மாமிக்கும், குறட்டோடு வந்த ரெஜ்ஜுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சாம்பல் கரைத்த அன்று வீட்டுக்கு வந்து மூன்று முறை கை கழுவினேன். வெடில் போகவில்லை. மகள் தூக்கச் சொல்லி அழுதாள். நான்காம் முறை கழுவாமல் தூக்கினேன்.

— தங்கச்சி