கழிவறை வாசலில் ஒரு கௌபாய் படம்

படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவரை நிறுத்தி "எப்படி இருந்தது?" என்று கேட்பதற்கும் சம்பளம் தருகிறார்கள், நான்கு வருடமாக அதை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். நின்றுகொண்டே பிழைக்கும் அன்பர்களே, கால் வலியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம்மைத் தூரத்தில் பார்த்ததுமே, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளும் ஜனங்களைப் பற்றியும் சொல்லத் தேவையில்லை.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் திரையரங்கு. போன மாதம் அங்கே ஒரு கௌபாய் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. மீசை சரியாக முளைக்காத ஐந்து கொள்ளைக்காரப் பையன்கள், ஐந்து குதிரைகள், அவர்களைத் துரத்த ஒரு ஷெரீப். முதல் பாகத்தில் ஐவரும் தப்பித்துவிட்டார்கள். இரண்டாம் பாகத்தின் முடிவில், அவர்களில் சின்னவன், எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவன், சுடப்பட்டுச் சாகிறான். இதைச் சொல்லிவிட்டதற்கு மன்னிக்கவும். சொல்லாமல் மேலே போக முடியாது.

ஐந்து முகங்கள்

என் ஆயுதம், ஒரு கம்பத்தில் பொருத்திய டேப்லட். அதில் ஐந்து முகங்கள்: பச்சையில் சிரிப்பு, சிவப்பில் அழுகை, நடுவில் மூன்று ரகம். நின்று பேசுகிறவர்களிடம் நான் நேரில் கேட்டு ஒரு கருத்து அட்டையில் எழுதிக்கொள்வேன். அவசரக்காரர்களிடம், "அந்த மூஞ்சிய அழுத்திட்டுப் போங்க" என்று கை காட்டிவிடுவேன். இந்த முறை டேப்லட்டின் பேட்டரி படுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் கழிவறை வாசலில்தான். கம்பத்தை அங்கே கொண்டுபோய் நட்டேன்.

அங்கே சுவரில் ஏற்கெனவே ஐந்து முகங்கள் இருந்தன. கழிவறை சுத்தமா என்று கேட்கும் அந்தப் பெட்டியைச் சிங்கப்பூரில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிவப்பை யாராவது அழுத்தினால், துப்புரவு செய்யும் பத்மா அக்காவின் போனில் மணி அடிக்கும். அவர் எங்கிருந்தாலும் ஓடி வரவேண்டும். அவர் வீடு தீவின் மேற்கே, சுவா சூ காங்கில். கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த நிலையம் எங்கள் கடைத்தொகுதிக்கு எதிர்ச்சாரியில் இருப்பதால், காலையில் அவரை அங்கே விட்டுவிட்டு வேலைக்கு வருவார், சாப்பாட்டு நேரத்தில் போய்க் கையோடு கூட்டிவந்து டாக்சியில் ஏற்றிவிடுவார். பெட்டியில் அந்த மாதப் புள்ளிகள் குறைந்தால் அக்காவைத் தெம்பனிசுக்கு மாற்றிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தெம்பனிஸ் இருப்பது தீவின் கிழக்குக் கோடியில். அங்கே போனால் கணவரை யார் கூட்டி வருவது? "கவலைப்படாதீங்க அக்கா, உங்க டாய்லட் தரையில உக்காந்து சாப்பிடலாம்" என்றேன்.

"சாப்பிட வேணாம் தம்பி, பச்சை மூஞ்சிய அழுத்துனா போதும்."

குளிர் விமர்சனம்

முதல் நாள் முதலில் சிக்கியவர் ஒரு பெரியவர். கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை, தலையில் துண்டு. படம் எப்படி என்றேன். பதினைந்து நிமிடம் பேசினார். இருக்கை, பாப்கார்ன் விலை, லிஃப்ட் வரும் வேகம் எல்லாம் வந்தன, படம் மட்டும் வரவில்லை. நான் விடாமல், பாலைவனத்தில் அந்தப் பையன்கள் தண்ணீர் இல்லாமல் தவிக்கும் காட்சியை நினைவூட்டினேன்.

"அதுவா? அங்க வெயிலு அடிச்சத பார்த்து எனக்குப் பொறாமையா இருந்துச்சு. ஏர்கானைக் குறைக்கச் சொல்லு லா."

நடிப்பில் சிறந்தது

வேறொரு நாள் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் வந்தார். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவராம். தன் பேனாவைத்தான் பயன்படுத்துவேன் என்று சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, பெஞ்சில் உட்கார்ந்து என் அட்டையின் இரண்டு பக்கமும் நிரப்பினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இந்தத் தொழிலில் முழு அட்டை என்பது அபூர்வம். நடிப்பு பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகியபடி யோசித்தார்.

"குதிரைதான் நல்லா நடிச்சது, தம்பி. மற்ற ஆக்களைப் பற்றி எழுதி ஏன் ஆரையும் நோகடிப்பான்?"

மணி அடிக்கும் நேரம்

இரண்டாம் வாரம் பத்மா அக்கா என் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு நாளைக்கு ஆறு முறை துடைத்த தரையை இப்போது பத்து முறை துடைக்கிறாராம். இருந்தும் சிவப்பு மேல் சிவப்பாக விழுகிறதாம், வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் முடிவு சொல்லிவிடுவாராம். நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் படம் ஓடும் மூன்றாம் அரங்கின் கதவு திறந்தது. கூட்டம் வெளியே வந்தது. அக்காவின் போன் அடித்தது. நிறுத்தினார், மறுபடியும் அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு பெண், நான் கை காட்டிய திசையில் போய், என் டேப்லட்டைத் தாண்டி, சுவரிலிருந்த சிவப்பு முகத்தை அழுத்தினாள். அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேரும் அதையே செய்தார்கள். யாரும் கழிவறைக்குள் காலே வைக்கவில்லை. என் டேப்லட் ஏன் ஈ ஓட்டுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஜனங்களுக்குச் சோம்பல் என்று மேனேஜரிடம் ரிப்போர்ட் வேறு கொடுத்திருந்தேன். வெட்கமாகிவிட்டது. எங்கேயோ அமெரிக்கப் பாலைவனத்தில் ஒரு பையன் செத்ததற்கு, பத்து நாளாக இந்த அம்மாவைத் தண்டித்திருக்கிறேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசு தம்பி இருக்கும்?"

மேடத்துக்கு ஒரு டிக்கெட்

சூப்பர்வைசர் கலைச்செல்விக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஐபேட், முகத்தில் அவசரம். நான் சொன்னதைக் கேட்டு, "அங்கிள், ப்ளீஸ் லா. படம் பார்த்துட்டு யாராவது டாய்லட்டுக்கு மார்க் போடுவாங்களா?" என்றார். என் தப்புக்கு நான்தானே அழவேண்டும்? என் காசில் ஒரு டிக்கெட் எடுத்து அவர் கையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானக் காட்சி. "எதையும் மூவ் பண்ணாதீங்க, நானே செக் பண்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு மணி நேரம் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். அன்று டயாலிசிஸ் நாள். கணவரை டாக்சியில் ஏற்றிவிட்டு வந்த பத்மா அக்கா, தண்ணீர்க் குழாயைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. கலைச்செல்வி கடைசி ஆளாக வந்தார். மூக்கு சிவந்திருந்தது, கையில் கசங்கிய டிஷ்யூ. வழக்கம்போல் என் வாய், "படம் எப்படி மேடம்?" என்று கேட்டுவிட்டது, கையும் முகங்கள் இருந்த பக்கம் நீண்டுவிட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு, நேராகப் போய்ச் சுவரில் சிவப்பு முகத்தை அழுத்தினார். அக்காவின் போன் அடித்தது. அவர் துடைப்பத்தோடு ஓடி வந்து, "மேடம், எங்க அழுக்கு? காட்டுங்க மேடம்" என்று பதறினார். கலைச்செல்வி தன் விரலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாய்லட் கிளீனாத்தான் இருக்கு ஆன்ட்டி, நீங்க எங்கயும் போகவேணாம்... ஆனா அந்தப் பையனைக் கொன்னிருக்கவே வேணாம் லா."

நான்கு வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஊரார் அபிப்பிராயத்தை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கழிவறையிலிருந்து நாற்பது அடி தள்ளி நின்றால் போதும்.